மூன்று மாடி ஏறி வந்தவர்

தக்காளிச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன், கை அழுக்காக இருக்கிறது, மன்னியுங்கள். எழுபத்தொன்பது வயதில் தோட்டம் ஒன்றுதான் என் பேச்சைக் கேட்கிறது. உட்காருங்கள். உங்கள் விசாரணைக் குழு அனுப்பிய கடிதத்தில் ‘பலியானவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் இருக்கவில்லை. நோயாளிகள் இருந்தார்கள்.

1966இல் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது. அணுகுண்டு விழுந்த இடத்தில் நிற்கும் சிப்பாய், கதிர் பட்ட பிறகு எவ்வளவு நேரம் துப்பாக்கி பிடிப்பான்? எப்போது வாந்தியெடுத்துச் சுருண்டு விழுவான்? குரங்கைக் கேட்டால் தலை சுற்றுகிறது என்று சொல்லாது. மனிதர்கள் வேண்டும். ஓஹையோ ஆற்றங்கரை நகரத்தில் ஏழைகள் வரும் ஆஸ்பத்திரி எங்களுடையது. அதன் கீழ்த்தளத்தில் கோபால்ட் கதிர் இயந்திரம் இருந்தது. புற்றுநோய் முற்றியவர்களை மட்டுமே எடுத்தோம். எப்படியும் சாகப் போகிறவர்கள். இதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை.

திருமதி லூவெல்லா டிப்டனைப் பற்றித்தான் கேட்க வந்திருப்பீர்கள். அவருடைய மகள் வெர்லீன் உங்களுக்கு எழுதியிருப்பார்.

அவர் ஐம்பத்திரண்டு வயதுக் கறுப்பினப் பெண்மணி. சலவைக்கூடம் ஒன்றில் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் வேலை. குடலில் கட்டி வந்து அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. லிஃப்ட் பழுதான ஒரு காலையில் மூன்று மாடி ஏறி என் அறைக்கு வந்தார். மூச்சு வாங்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

“டாக்டர், இந்த மெஷின் என்னைக் குணப்படுத்திருமா?”

“உதவும்,” என்றேன்.

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

“அப்பச் சரி. ஈஸ்டருக்குள்ள வீட்டுக்கு அனுப்பிருங்க. சர்ச்ல நான் பாடலேன்னா அந்த மேபெல் பாட வந்துருவா. பாவம், ஜனங்க என்ன தப்பு பண்ணாங்க?”

நானும் சிரித்தேன். பேச்சுக்கு இதமான பெண்மணி.

முழு உடம்புக்கும் ஒரு மணி நேரம் கதிர் கொடுத்தோம். கூசுகிறதா, சுடுகிறதா என்றால் ஒன்றுமில்லை. அவர் பாதி நேரம் கண்ணயர்ந்துவிட்டார். மதியத்துக்குள் வாந்தி தொடங்கியது. குமட்டுகிறதா என்று யாரும் அவரைக் கேட்கக் கூடாது என்பது என் உத்தரவு. கேட்டாலே சிலருக்குக் குமட்டும். மருந்தும் கூடாது. மருந்து கொடுத்தால் சிப்பாயின் கதை எப்படித் தெரியும்?

மறுநாள் நர்ஸ் பெர்னடீன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பதினோரு தடவை ஆச்சு டாக்டர். இப்பப் பச்சையா வருது. ஒரு ஊசி போட்டுரட்டுமா?”

“ஒவ்வொரு தடவையும் நேரத்தக் குறிச்சீங்களா?”

“குறிச்சேன்.”

“அது போதும்.”

“அவங்க மனுஷி டாக்டர்.”

“அதனாலதான் குறிக்கச் சொல்றேன்.”

அடுத்த வாரமே பெர்னடீன் குழந்தைகள் வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வருத்தம்தான். அவ்வளவு தெளிவான கையெழுத்து பிறகு யாரிடமும் அமையவில்லை.

மூன்றாவது வாரத்தில் திருமதி டிப்டனின் ரத்த அணுக்கள் அடியோடு விழுந்தன. ஈறுகளில் ரத்தம் கசிந்தது. முடி தலையணையில் கிடந்தது. வெர்லீன் நடைக்கூடத்தில் என்னை மறித்தார்.

“எங்கம்மா தன் காலால நடந்து வந்தாங்க. என்ன பண்ணீங்க அவங்கள?”

“நோய் முத்திருச்சும்மா.”

“வாயெல்லாம் புண்ணு. என் பேரக்கூடச் சொல்ல முடியல, கையத்தான் புடிச்சுக்கிறாங்க. நோய் ஒரு மாசத்துல இப்படிப் பண்ணுமா? சொல்லுங்க, என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்துத்தான் சொன்னேன். பண்ணும் என்றேன். கதிர் கொடுத்த இருபத்தொன்பதாம் நாள் திருமதி டிப்டன் இறந்தார். சான்றிதழில் புற்றுநோய் என்று எழுதினேன். சம்மதக் கையெழுத்து வாங்கினேனா என்றால், இல்லை. அவர் என்னை நம்பினார். நம்புகிறவரிடம் காகிதத்தை நீட்டுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை.

உங்கள் பையிலிருந்து எடுக்கிறீர்களே, அந்தக் கடிதம் எனக்குத் தெரியும். அறுவை செய்த மருத்துவர் எழுதியது. கட்டி முழுதாக எடுக்கப்பட்டது, எங்கும் பரவவில்லை, இன்னும் பல வருடம் வாழ்வார். கீழே, பெற்றுக்கொண்டேன் என்று இருப்பது என் கையெழுத்துத்தான். தேதியும் சரி, இயந்திரத்தில் அவரை உட்காரவைப்பதற்கு முந்தின நாள்.

ஆமாம், படித்தேன். படித்ததால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். முற்றியவர்கள் இயந்திரத்துக்கு வரும் முன்பே வாந்தியெடுப்பார்கள். எது நோய், எது கதிர் என்று பிரிக்க முடியாது. சிப்பாய்க்கு நிகரான நல்ல உடம்பு ஒன்று வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டேன். அவரைக் கொன்றது நோயல்ல, நான். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கப் போவதில்லை.

ஆனால் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள். சாகப் போகிறவர்களை மட்டுமே எடுத்தோம் என்றேன். பட்டியலில் நான் பெயரை எழுதி முடித்தபோது, அவரும் சாகப் போகிறவர்தான்.