தொட்டிக்குள் ஒரு குண்டு

— இல்ல பட்டாபி மாமா. தொட்டி முழுக்க நாலு தடவ மிஷின்லேர்ந்து சத்தம் விட்டுப் பாத்தாச்சு. மணலுக்குள்ள ஒண்ணுமே இல்ல.

— இல்லையா! நாச்சியார், என்ன பேச்சு பேசறே குட்டி! ஆறு கிலோ குண்டாக்கும். காலம்பற இந்தக் கையால, கழுத்தளவு தண்ணியில நின்னு புதைச்சேன். தோண்டின தோண்டுல பாதாளத்துலேர்ந்து எவனோ "யாரது"ன்னு கேட்டான்!

— தொட்டியே முழங்கால் ஒசரம்தான் மாமா. அப்புறம் அது குண்டும் இல்ல. இரும்புக் குழாயில சிமிண்டு அடைச்சு நான் செஞ்ச டம்மி.

— எனக்கு அது குண்டுதான். ஸ்ரீவராகத்துத் தெரு பூரா சொல்லியாச்சு, கப்பல் படையே என் வீட்டுத் தொட்டியை நம்பித்தான் இருக்குன்னு.

— நேத்து உங்க வீட்டு சாவித்ரி மாமியோட இடிகல்லப் புதைச்சீங்க. மிஷின் ஒரே நிமிசத்துல காட்டுச்சு. முந்தாநாள் பித்தளைச் செம்பு, அதையும் காட்டுச்சு. இன்னிக்கு மட்டும் ஏன் சத்தம் திரும்பி வரல?

— மிஷினுக்கு ஜலதோஷமா இருக்கும். நாள் பூரா தண்ணியிலேயே கெடக்கறதோல்லியோ.

— வெளையாடாதீங்க. நாளைக்கு எங்க காலேஜ் பிஜி மிஸ் வராங்க. எங்க புதைச்சீங்கன்னு நீங்க வரைஞ்சு ஒட்டின கவரையும் என் தாளையும் சேத்து வச்சுப் பாப்பாங்க. ஒத்துப் போனாத்தான் விழிஞ்ஞம் கடல்ல மிஷின எறக்கிப் பாக்கப் படகு தருவாங்க. இல்லேன்னா என் ப்ராஜெக்ட் இந்தத் தொட்டியோட முடிஞ்சுது.

— அதான் சொல்றேன், படியோரத்து மூலைன்னு எழுதிடு. கவர்லயும் அதான்... ஐயையோ, வாய் தவறி வந்துடுத்து!

— இருங்க, அந்த மூலைய இன்னொரு தடவ பாக்கறேன்... ம்ஹும். வெறும் மணலு.

— ஒரு காப்பி குடிச்சுட்டு யோசி. அடுக்களைக்கு நீ வரவேண்டாம், நானே கொண்டு வரேன்.

— காப்பி வேண்டாம். பொய் எழுதவும் வேண்டாம்.

— ஒரு வரிதானே குட்டி! யார் கேக்கப் போறா?

— கடல் கேக்கும் மாமா. பழைய யுத்தத்துக் குண்டுங்க மண்ணுக்குள்ள கெடந்தா, அது மேல எங்கப்பாதான் போய் நிப்பாரு. துறைமுகத்துல மண்ணு வார்ற மிஷின் ஓட்டுறவரு. இன்னிக்கு இல்லாத எடத்துல இருக்குன்னு எழுதினா, நாளைக்கு இருக்கற எடத்துல இல்லேன்னும் எழுதுவேன்.

— படகு போயிடுமே...

— போகட்டும். வேற படகு தேடுவேன். இல்லேன்னா நீந்துவேன். வராத சத்தத்த எழுத மாட்டேன். இந்தா பாருங்க: "மணலுக்குள் ஒன்றும் இல்லை." கையெழுத்தும் போட்டாச்சு.

— பேனாவாலயா எழுதினே?

— பின்ன? பேனாவாலதான்.

— நாச்சியார்... காலம்பற எனக்கு இடுப்புப் பிடிச்சுண்டுதுன்னு சொன்னேனோ?

— ஏன்னா! அடுக்களைக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேளே, இந்த இரும்புக் குழாய் அந்தக் கொழந்தையோடதா? காலம்பறலேர்ந்து மூணு தடவை கால்ல இடிச்சுண்டுட்டேன்!