ஒற்றை வரியில் அடங்காத பெண்

மேடையில் வீற்றிருக்கும் அகராதித் துறைத் தலைவர் பேராசிரியர் ஸக்லிகா அவர்களே, துறைத் தோழர்களே, தாயை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே இடாலியா, கிராக்கோவ் நகரத்துப் பெருமக்களே!

அழத்தான் வந்தேன். கல்லறையில் நம் துறை வைத்த மலர்வளையத்தைப் பார்த்தேன், அழுகை நின்றுவிட்டது. அதன் நாடாவில் பொன்னெழுத்தில் என்ன இருந்தது? ‘எங்கள் துறையின் அலங்காரத்துக்கு!’ முனைவர் லுத்மீவா ஷெலிகா அலங்காரமா? முப்பது ஆண்டுகள் சொற்களின் வேரைத் தோண்டியவரைப் பூச்சாடி ஆக்கிவிட்டீர்களே! வயிறு எரிகிறது ஐயா!

அம்மையார் கடைசியாக எழுதியது எந்தச் சொல்லைப் பற்றி? ‘கொபியேத்தா’. நம் போலிய மொழியில் பெண் என்று பொருள். இன்று மரியாதையான சொல். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு? வசவு! அது எங்கே பிறந்தது என்று உறுதியாகச் சொல்வார் இல்லை. பன்றிக்கொட்டில் என்கிறார் ஒருவர், பெண்குதிரை என்கிறார் இன்னொருவர். அந்த வசவு வீட்டிலும் சந்தையிலும் புழங்கிப் புழங்கித்தான் மானமுள்ள பெயராயிற்று. அம்மையார் நல்லதையும் எழுதினார், கெட்டதையும் எழுதினார். அதுதானே அகராதி?

தலைவர் தினமும் காலையில் நம் ஊர் வழக்கப்படி குனிந்து அம்மையாரின் கையில் முத்தமிடுவார். இந்தச் சொல்லின் வரலாற்றை அம்மையார் எழுதிக் கொடுத்த அன்றும் முத்தமிட்டார். கையை விடாமலே கேட்டார்:

“ஏம்மா லுத்மீவா, பன்னிக்கொட்டாய எதுக்குப் பொம்பளைங்க மேல ஏத்துறீங்க? அழகா ஒரு வரி போட்டா போதாதா?”

“ஏத்துனது நான் இல்லைங்க ஐயா, உங்க பாட்டன் பூட்டன். சொமந்து கரையேறுனது நாங்க. அதை அழிச்சா யாருக்கு லாபம்?”

“கோபம் வந்தா நீங்க இன்னும் அழகா இருக்கீங்க!”

“கையை விடுங்க. பேனா பிடிக்கணும்.”

அவர் அந்த வசவு வரலாற்றை வெட்டினார், அம்மையார் மீண்டும் சேர்த்தார். மறுபடி வெட்டினார், மறுபடி சேர்த்தார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது. மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“தெயோஃபிலா, சாவப் பத்திக் கவலை இல்லடி. என் பொம்பளைய ஒத்த வரியில அடக்கம் பண்ணிருவாங்க. விட்டுராதே.”

விடுவேனா? விடுவோமா?

இறந்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். பேசிவிட்டேன். உயிரோடு இருப்பவருக்கு அப்படியொரு சலுகை கிடையாது!

தலைவர் அவர்களே, அந்தச் சொல் வரும் அகராதித் தொகுதியின் கடைசி அச்சுப்படி இதோ என் கையில். நீங்கள் வெட்டியதையெல்லாம், இந்தத் துறையில் அச்சுப்பிழை திருத்தும் நானே நேற்று திரும்பச் சேர்த்துவிட்டேன். அடியில் லுத்மீவா ஷெலிகா என்று பெயரும் இருக்கிறது. இனி இதில் ஓர் எழுத்து குறைந்தாலும் இந்தத் துறையில் ஒரு தாளைக்கூடத் திருத்த மாட்டேன். இது சத்தியம்!

தோழர்களே, இது இப்படியே அச்சேற வேண்டும் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள். தயங்காதீர்கள். நீயும் எழு, மகளே.

ஐயா, கூடத்தைப் பாருங்கள். நீங்கள் ஒருவர்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.