வலை விழாத ஓடைவாய்

— கையப் பரிசலுக்குள்ள வெய்யுங்க மோகன்ராஜ் தம்பி, தண்ணியில விடாதீங்க.

— ஏங்க்கா, முதலையா?

— முதலை மேக்கால இருக்குதுங்க. இங்க ஒண்ணுமில்ல. இருந்தாலும் விடாதீங்க.

— சரி மருதாக்கா. மீனு முட்டை போடுத எடம், வலை போடக்கூடாதுன்னு மீன்வளத்துறை மேப்புல குறிக்கணும். எது எதுன்னு மீன் புடிக்குத நீங்கதான் சொல்லணும். இந்த ஓடைவாயக் குறிக்கட்டா?

— மொதல்ல இதைக் குறிங்க. புதுத்தண்ணி எறங்குனா டேம்ல பாதி கெண்டை இங்கதானுங்க ஏறும்.

— இத்தனை மீன் இருந்தும் ஒருத்தரும் வலை போடலையா?

— போர்டு வெச்சாலும் அபராதம் போட்டாலும் எங்காளுங்க கேக்க மாட்டாங்க. ஆனா தண்ணி ஒரு ஆளை எடுத்துட்டுப் பொணத்தத் திருப்பித் தரலீன்னா, அந்தப் பக்கம் வலையே போட மாட்டாங்க. வலையோட செத்தவரும் வந்துட்டா?

— இங்க யாரு?

— எங்கூட்டுக்காரரு, இளங்குமரன். எட்டு வருசமாச்சு. வெறும் பரிசல்தான் கரை ஒதுங்குச்சு.

— அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. திருப்பூர்ல எனக்குப் பக்கத்து ரூம்ல ஒரு இளங்குமரன். பனியன் கம்பெனில அயர்ன் போடுதாரு. எடது கையில ரெண்டு விரல் கெடையாது. இந்த ஊருதான்னு சொன்னாரு. அவரா இருக்குமோ?

— அவரேதானுங்க. பரிசலைத் தள்ளி உட்டுட்டு பஸ் ஏறிட்டாரு. மூணாம் நாளே எனக்குத் தெரியும்.

— அய்யய்யோ! தெரிஞ்சுமா தாலிய அறுத்தீங்க?

— அப்ப குஞ்சு மீனக்கூட உடாம வழிச்சிட்டிருந்தாங்க தம்பி. அவரு செத்தாத்தான் இந்த ஓடை பொழைக்கும்னு பட்டுது. மாரடிச்சு அழுதேன், ஊரே நம்புச்சு. இன்னிக்கு நாப்பது ஊடு இதுலதான் சோறு திங்குது. அவரு உசுரோட இருக்கறது தெரிஞ்சா நாளைக்கே அத்தனை வலையும் இங்க எறங்குமுங்க.

— நான் மூச்சு விட மாட்டேன்க்கா. ஆனா, போன செவ்வாக்கெழம ரூமைக் காலி பண்ணிட்டாரே. பொண்டாட்டி கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கப் போறேன்னாரு. வரலையா?

— வந்தாருங்க. உச்சி வெய்யிலு, கரையில ஒரு ஈ காக்கா இல்ல. காலப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. எனக்கும் அழுகை தாங்கலீங்க. பரிசல்ல ஏறுங்க, பேசிக்கலாம்னேன்.

— இப்ப... எங்கக்கா அவரு?

— நீங்க தகிரியமாக் குறிங்க தம்பி. தண்ணி எடுத்துருச்சுன்னு இப்ப நான் சொல்றது பொய்யில்லீங்க.