மஞ்சள் வரியின் வாயைப் பொத்தாதீர்

விழாவின் தலைவரே! எனக்கு முதலாளியாகவும் அக்காள் கணவராகவும் வாய்த்து, வேலையிலும் வீட்டிலும் என் வாய்க்கு அஞ்சும் அத்தான் அவர்களே! முன்வரிசை மூத்தோரே! எங்களைப் பெற்ற குற்றத்துக்காக இன்று கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே! என்னோடு நிரல் எழுதும் நண்பர்களே! வணக்கம்.

நாம் செய்வது என்ன? நோயாளியின் கட்டிலருகே நின்று, நாடி தளர்ந்தால் மணியடித்து நர்ஸை அழைக்கும் கருவி. முதல் லாரி புறப்படவிருந்த காலையில், நோயாளியின் பெயரும் திரையில் தெரியட்டும் என்று சில வரிகள் சேர்த்தோம். நாம் எழுதும் நிரலைக் கருவிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஒரு மஞ்சள் வரி காட்டியது. "பெயரை நகலெடுக்கும் இந்தக் கட்டளை எனக்கு அறிமுகமில்லை, ஏதோ எண்ணைத் தரும் என்று நானாக வைத்துக்கொள்கிறேன்" என்பது அதன் பொருள்.

அத்தான் சொன்னார்: "வார்னிங்தானே, எர்ரர் இல்லையே! வராம அமுக்கிடு. லாரி வாசல்ல நிக்குது."

"அக்கா பிரசவத்துக்குப் போற ஆஸ்பத்திரிக்குத்தானே அத்தான் இந்த லாரி போகுது?"

அத்தான் லாரியின் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். சிரிக்காதீர்கள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

சோதனை மேசையில் இயக்கினோம். அந்தக் கட்டளை தந்தது எண்ணா? இல்லை, கருவியின் நினைவகத்தில் பெயர் இருக்கும் இடத்தின் முகவரி! எண்ணென்று நம்பியதால் முகவரியில் பாதி வெட்டுண்டது. பாதி முகவரியோடு எந்தக் கதவைத் தட்டுவது? போலி நாடி ஒன்றைத் தளர்த்திக் காட்டினோம், மணி அடிக்கவில்லை. கருவி மரமாக நின்றது.

அந்தக் கட்டளை, ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பான லைப்ரரியில் இல்லையா? இருந்தது! ஆனால் நிரல்மொழிக்கு நாம் வைத்திருந்த கண்டிப்பான தரத்தில், கேட்டால்தான் எடுத்துக் கொடுக்கும். "இந்த வசதியும் வேண்டும்" என்று ஒரே வரி போதும். நம் குழுவின் சுருட்டைமுடிக்காரர் எழுதினார்; மஞ்சள் போகவில்லை. அழித்து எழுதினார், அப்போதும் போகவில்லை. ஏன்? லைப்ரரியின் கட்டளைகளை அறிமுகம் செய்யும் தலைப்புக் கோப்புகளையெல்லாம் அழைத்துவிட்டு, அவற்றுக்குக் கீழே எழுதியிருந்தார். ஐயா, பேசி முடித்த பிறகா தலைவரை விளிப்பது? வரியை உச்சியில் ஏற்றினோம். மஞ்சள் மறைந்தது, மணி முழங்கியது, மாலையில் லாரி புறப்பட்டது.

போன மாதம் பிரசவ அறையில் அக்காவின் நாடி தளர்ந்தது. மணி அடித்தது. நர்ஸ் ஓடி வந்தார். அதோ, பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள் என் அக்கா!

ஆகவே உறுதி கொள்வோம். இனி நம் கூடத்தில் வார்னிங்கும் எர்ரர்தான்! மஞ்சள் வரி ஒன்று இருந்தாலும், கருவிப் பெட்டி ஒன்றும் வாசலைத் தாண்டாது! கேட்பது யாரானாலும் தாண்டாது, அத்தானே கேட்டாலும் தாண்டாது!

அக்கா, ஏன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறாய்? அழட்டும், உட்கார். ஏதோ வேண்டுமென்றுதானே கத்துகிறான்? கத்துகிறவன் வாயை இனி நம் வீட்டில் யாரும் பொத்தமாட்டோம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், குறுக்கே குரல் கொடுத்த அவனுக்கும் நன்றி. வணக்கம்.