வழுக்குற சூப்

– அம்மா, கிண்ணத்தைக் கீழ வை! பரீட்சைக்குப் போற நாளும் அதுவுமா யாராச்சும் கடற்பாசி சூப் குடிப்பாங்களா? படிச்சதெல்லாம் வழுக்கிட்டுப் போயிடும்!

– உனக்குப் பொறந்தநாளுடி, போரம். பொறந்தநாளைக்கு இந்தச் சூப் வைக்காத வீடு சியோல்ல எங்க இருக்கு?

– எனக்கு ஊத்து. நீ ஏன் குடிக்கிற? உனக்குத்தான் ஜவ்வு மிட்டாய் வாங்கிட்டு வந்திருக்கேனே. அது ஒட்டுனா பாஸ்.

– அது என் கட்டுன பல்லுலதான் ஒட்டும். பல்லு பாஸாகும், நான் ஆக மாட்டேன்.

– ஆரம்பிச்சிட்டியா?

– பின்ன என்னடி! ராத்திரி போட்ட கணக்கு, காலையில வாய் கொப்பளிக்கிற தண்ணியோட போயிடுது. நேத்து கண்ணாடியைக் காணோம்னு வீட்டையே புரட்டுனேன். ஃப்ரிட்ஜுல கிம்ச்சி டப்பா பக்கத்துல குளுகுளுன்னு உக்காந்திருக்கு. இந்த மண்டையை வச்சுக்கிட்டு அம்பது வயசுல காலேஜாம்!

– மாடல் பரீட்சையில நல்லாத்தானே எழுதியிருந்த?

– எழுதுனேனா? கண்ணை மூடிக்கிட்டு குத்துனேன். இன்னைக்கு இங்கிலீஷைக் காதால கேட்டு எழுதணும். சத்தம் வரக் கூடாதுன்னு அந்நேரம் நாட்டுல விமானத்தைக் கூட இறங்க விட மாட்டாங்க. எனக்காக மேலயே வட்டம் போடுறோம்னு தெரிஞ்சா பைலட்டு சிரிக்க மாட்டானா?

– சிரிச்சுட்டுப் போறான். கிளம்பு. அப்பா கீழ ஹாரன் அடிச்சிட்டே இருக்காரு. பரீட்சை ஹால் கேட்டைப் பூட்டிட்டா அவ்வளவுதான்.

– பூட்டட்டுமே.

– அம்மா!

– பயமா இருக்குடி. பத்தொம்பது வயசுல வகுப்புல நான்தான் முதல். அப்ப இருந்ததெல்லாம் கிம்பாப் கடை அடுப்புல ஆவியாப் போயிருச்சோ என்னவோ. உள்ள ஒண்ணுமே மிச்சமில்லைன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சுன்னா, நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கடை திறப்பேன்?

– அப்ப மட்டும் என்ன கிழிச்சிட்ட? ‘அந்த வருசப் பரீட்சையில நான் கடற்பாசி சூப் குடிச்சவ’ன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் நீதானே சொல்லிச் சிரிப்ப? ஃபெயிலானவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க. பத்தொம்பதுலயும் கோட்டை விட்டவ, இப்ப வயசு மேல ஏன் பழியைப் போடுற?

– என்னது? ஃபெயிலா? நானா?

– பின்ன?

– எடுடி அந்த ஷூவை! முள்ளு வச்ச கடிகாரம் எங்க? டிஜிட்டலை ஹாலுக்குள்ள விட மாட்டாங்க. சாப்பாட்டு டப்பாவைக் கட்டு. மண்டை துருப்பிடிச்சிருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா இந்த ஜாயோங் எந்தப் பரீட்சையிலயும் ஃபெயிலானவ இல்ல. அன்னைக்குப் பரீட்சை எழுதவே போகலையேடி நான்!

– போகலையா? அப்ப சூப் குடிச்சேன்னு சொன்னது?

– நிஜமாவே குடிச்சேன்டி. பிள்ளை பெத்தவளுக்கு அதைத்தானே கொடுப்பாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல, உன்னைப் பக்கத்துல போட்டுக்கிட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சேன்.