ரெண்டு ஸ்டிக்கர்

எனக்குப் பதற்றமே வராது சார். லேப்ல மெஷின் நம்பர் போட்டு ரிசல்ட் சீட்டைத் துப்பும். அந்தச் சீட்டுல ஆளோட பேர் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பறதுதான் என் வேலை. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட மாத்தி ஒட்டினதில்ல. நீங்க கேக்கற அந்த நாள்கூட, தப்பா ஒட்டலை. தெரிஞ்சுதான் ஒட்டினேன்.

என் தங்கச்சி நர்ஸ். அம்மா அப்பா போனப்புறம் அவளுக்கு நான், எனக்கு அவ. குளிச்சா தலை துவட்டமாட்டா. முப்பது வயசுக் கழுதைக்குத் துண்டை எடுத்துக்கிட்டு நான் பின்னாடியே ஓடணும்.

அந்தக் காய்ச்சல் நம்ம நாட்டுக்கு வரவே வராதுன்னு டிவியில அடிச்சுச் சொன்னாங்க. ஒரே ஒரு ஆள் ப்ளேன்ல வந்து இறங்கினார், அவ்வளவுதான். தும்மினவங்களை எல்லாம் பஸ்ஸை நிறுத்தி இறக்கி விட்டாங்க. தனி வார்டுக்கு நர்ஸ் வேணும்னப்போ முதல்ல கை தூக்கினது என் தங்கச்சி. திட்டினேன். "எல்லாரும் ஒதுங்கிட்டா அவங்களை யாருக்கா பாக்கறது?"ன்னா.

மூணு வாரம் கழிச்சு, நோய் இல்லைன்னு ரிசல்ட் சீட்டோட வீட்டுக்கு வந்தா. எங்க அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி கேட்டைப் பூட்டிட்டு நின்னார். மொத்தக் குடித்தனமும் மாடியிலேர்ந்து எட்டிப் பார்க்குது. சீட்டை நீட்டினேன். "அக்கா லேப்ல, தங்கச்சிக்குச் சீட்டா? நல்லா இருக்கேம்மா கதை"ன்னு கிழிச்சுப் போட்டார். கும்பிட்டேன், அழுதேன். "விடுக்கா, மானம் போகுது"ன்னு சொல்லிட்டு அவ பையைத் தூக்கிக்கிட்டு வார்டுக்கே திரும்பிப் போயிட்டா. அங்க ஸ்ட்ரெச்சர் வைக்கிற ரூம்ல படுத்துக்கிட்டு, ஓய்வே இல்லாம வேலை பார்த்தா. பன்னிரண்டாம் நாள் அவளுக்கே காய்ச்சல். அப்புறம் ஒரு வாரம்தான் இருந்தா. போனப்புறம் முகத்தைக்கூட எனக்குக் காட்டலை.

நான் யாரையும் தேடிப் போகலை சார். செக்ரட்டரி அவரே லேபுக்கு வந்தார். சளி, லேசா ஜுரம், பயந்துபோய் டெஸ்ட் குடுத்துட்டுப் போனார். பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி அவர் சீட்டு என் மேஜைக்கு வந்துது. நோய் இல்லை. அடுத்த சீட்டு, நோய் உண்டு.

முன்னெல்லாம் ஒருத்தர் நம்பரைப் படிக்க, இன்னொருத்தர் ஒட்டணும். கூட்டம் தாங்கலைன்னு அந்த வழக்கத்தை நிறுத்தி ஒரு மாசம் ஆகியிருந்துது. மேஜையில நான் மட்டும்தான். செக்ரட்டரி பேரை ரெண்டாவது சீட்டுல ஒட்டினேன். இன்னொரு ஸ்டிக்கர் கையில மிச்சம் நின்னுது, அதை அவர் சீட்டுல ஒட்டினேன். சீட்டைக் காலியா அனுப்ப முடியாதில்லையா.

ஆம்புலன்ஸ் எங்க கேட்டுக்கே வந்துது. "லேப்ல தப்பு பண்ணிட்டாங்க, எனக்கு வெறும் சளிதான்"னு கத்தினார். உண்மையைத்தான் சொன்னார், பாவம். ஒருத்தர்கூட நம்பலை. நிஜமான நோயாளிங்க நடுவுல கொண்டுபோய்ப் படுக்க வெச்சாங்க. ஒட்டும்னு எனக்குத் தெரியும். ஒட்டிச்சு. பதினெட்டாம் நாள் செத்தார். அன்னைக்குத்தான் சார் நான் வயிறாரச் சாப்பிட்டேன். உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்.

அந்த இன்னொரு ஸ்டிக்கர் யாரோடதுன்னு கேக்கறீங்க. ஸ்கூல் வேன் டிரைவரோடதுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். நோய் இல்லைன்னு சீட்டைப் பார்த்துட்டு மறுநாளே வேன் எடுத்தாராம். ஒம்பது பிள்ளைங்க பேரை வாசிச்சீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், நான் ஒண்ணும் கல்லு இல்ல.

ஆனா நியாயமா யோசிங்க. என் தங்கச்சி இருந்திருந்தா அதுல ஒரு பிள்ளையைக்கூடச் சாக விட்டிருக்கமாட்டா. அவளை வீட்டுக்குள்ள விடாதது யாரு? அந்த ஒம்பது உயிரையும் எடுத்தது செக்ரட்டரிதான் சார். அப்படியே எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.