பெரியவ சாப்பிட்டாளா, சார்?

கேமராவுக்கு நீள லென்ஸ் வாங்கினால் கழுத்துவலி வரும் என்பதைக் கடைக்காரர் சொல்லவே இல்லை. மற்றதெல்லாம் சொன்னார். தூரத்தில் நிற்கிற யானையின் கண்பீளை வரைக்கும் தெரியும் என்றார். நான் வீட்டுக்கு வந்து சொல்லும்போது, யானையின் கண்ணோரம் உட்கார்ந்திருக்கிற கொசுவின் முழங்கால் வரைக்கும் தெரியும் என்றேன். என் சுபாவம் அப்படி. நில அளவைத் துறையில் வேலை பார்த்த காலம் முழுக்க ஓர் அங்குலம் கூட்டிச் சொன்னதில்லை. அந்தக் குறையை வீட்டிலும் டீக்கடையிலும் தீர்த்துக்கொண்டேன்.

"பீரங்கியைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க, சண்டைக்கா?" என்றாள் மனைவி.

"மிருகக்காட்சி சாலைக்கு."

"பாத்து. உள்ளயே வச்சுக்கப் போறாங்க."

ஓய்வு பெற்றவனுக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டும். எனக்கு அது கிடைத்தது. அங்கே என்னைப் போலவே கழுத்தில் கனத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பேங்க்காரர் ஒருவர் வருவார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். அவர் எடுத்த நீர்யானைக் கொட்டாவி பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் வந்துவிட்டது. அன்றிலிருந்து டீ குடிக்கும்போதுகூட அவர் சற்று மெதுவாகக் குடித்தார். அந்தக் கொட்டாவியைப் பற்றி நான் கேட்காத நாள் இல்லை. அவர் கேட்கவைக்காத நாளும் இல்லை. எனக்கும் ஒரு படம் வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். மனிதனுக்கு இருக்கக்கூடிய ஆசைகளில் இது சின்ன ஆசை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

புலிக்கு ஒரே ஒரு கீப்பர். ஒல்லியான மனிதர், காது மடலில் எப்போதும் ஒரு பீடியைச் செருகியிருப்பார். பற்றவைத்து நான் பார்த்ததில்லை. வயசான பெண் புலி அது. குட்டியிலிருந்து அவர் கையால் சாப்பிட்டது. அதைப் 'பெரியவ' என்பார். தன் சொந்த மகளைச் 'சின்னவ' என்பார். அவர் மனைவி காலமாகி வருஷங்கள் ஆகியிருந்தன. காலையில் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் சின்னவளைத் தனியாக வீட்டில் விட முடியாது என்று கூடவே அழைத்து வருவார்.

"ரெண்டு பொண்ணு சார் எனக்கு. பெரியவளுக்கு மீசை முளைச்சிருச்சு, மாப்பிள்ளைதான் அமையல" என்பார்.

"நம்ம பேங்க்காரரைக் கேட்டுப் பாக்கவா?"

"பெரியவ ஒத்துக்க மாட்டா சார். எலும்பா இருக்காரு."

எங்களுக்குள் அந்த அளவுக்குப் பழக்கம்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. நாங்கள் நிற்கிற கம்பி வேலிக்கு எதிரே, புலியின் இடத்தின் மறுகோடியில், ஒரு பெரிய பாறை. பெரியவள் காலை வெயிலுக்கு அதில்தான் படுப்பாள். பாறைக்குப் பின்னால் ஆழமான அகழி; ஒரு லாரி தாராளமாகப் போகலாம், அத்தனை அகலம். அகழிக்கு அந்தப் பக்கம் கல் சுவர். சுவருக்கு அப்பால் ஊழியர்கள் நடக்கிற பாதை. சின்னவள் அந்தச் சுவரில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடப்புறமாக நின்று பார்த்தால் அகழியைப் பாறை மறைத்துவிடும்.

நீள லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. தூரத்தை விழுங்கிவிடும். தெருக்கோடியில் வருகிற பேருந்து, நடுத்தெருவில் நிற்கிற நாயின் வாலை உரசுவதுபோல் காட்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளிக்கூடமே வரிசையாக நடந்து போகலாம். படம் எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குக் கேமரா இல்லாமலே தெரியும், தூரம்தான் என் பிழைப்பாக இருந்தது.

அன்றைக்கு ஒரு நல்ல வெளிச்சம் விழுந்தது. பெரியவள் தலையைத் தூக்கி வாயைப் பிளந்தாள். பின்னால் சின்னவள் புத்தகத்தை மூடிவிட்டு எதற்கோ சிரித்தாள். நான் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம். சுவரின் கல்லும் பாறையின் கல்லும் ஒன்றாகிப்போயின. ஒரே பாறையில் ஒரு புலியும் ஒரு பிள்ளையும், புலியின் மூச்சு பிள்ளையின் தலைமுடியை அசைப்பதுபோல. நீர்யானைக் கொட்டாவி என் காலடியில் கிடந்தது.

யாரிடமும் காட்டாமல் பத்திரிகைக்கு அனுப்பினேன். பேங்க்காரர் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைப் பிரித்துத் தானாகவே பார்க்கட்டும் என்று. ஞாயிறு பக்கத்தில் வரவில்லை. முதல் பக்கத்தில் வந்தது. 'புலிக்கூண்டுக்குள் சிறுமி: யார் பொறுப்பு?' என்று தலைப்பு. படம் எடுத்தவர் பெயர் போடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கூரை ஓடுகள் கழன்றிருக்க வேண்டும். ஆசிரியரைக் கூப்பிட்டுக் கிழிக்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் கீப்பரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. போனைக் கீழே வைத்தேன். பெயர் போடாததும் ஒரு நல்லதற்குத்தான் என்று தோன்றியது.

பிள்ளை சுவரில்தான் உட்கார்ந்திருந்தாள், உள்ளே போகவே இல்லை என்று கீப்பர் சொல்லியிருக்கிறார். படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்.

பூங்கா அதிகாரி என்னையும் கூப்பிட்டார். தினமும் வருகிறவன், அரசாங்கத்தில் இருந்தவன் என்று ஒரு மரியாதை. பேங்க்காரர் அந்த வாரம் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். அதிகாரி படத்தை என் முன்னால் நகர்த்தி, "இது கம்ப்யூட்டர்ல ஒட்டவச்சதா, நிஜமா எடுத்ததா, உங்களுக்குத் தெரியுமே?" என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். "ஒட்டவச்சது இல்ல சார். அசல் படம்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவ்வளவுதான் கேட்டார். கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்ல முடியும். அந்தப் படம் எடுத்த அதே காலையில், இடப்பக்கம் நகர்வதற்கு முன்னால் எடுத்த இன்னொரு படமும் என்னிடம் இருந்தது. அதில் அகழி வாய்க்கால்போல நன்றாகத் திறந்து தெரியும். அதை நான் அழிக்கவில்லை. அழிக்கிற அளவுக்குக் கெட்டவன் இல்லை. காட்டவில்லை, அவ்வளவுதான்.

கீப்பரின் வேலை போயிற்று. பூங்காவுக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் காலையில் வாசலுக்கு எதிரே, டீக்கடை ஓரமாக வந்து நிற்பார். நான் வெளியே வரும்போது ஓடிவருவார்.

"சார், உங்க லென்ஸ் குழாய்ல பாத்தீங்களா? பெரியவ சாப்பிட்டாளா, சார்?"

பெரியவள் சாப்பிடவில்லை. புது ஆள் தள்ளிவிட்ட இறைச்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீப்பர் இறைச்சியோடு வருகிற பின்கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். லென்ஸில் விலா எலும்புகளை எண்ணலாம்போல் இருந்தது. இதையெல்லாம் ஒரு மனிதரிடம், அதுவும் வேலை போனவரிடம், டீக்கடையில் வைத்து எப்படிச் சொல்வது.

"சாப்பிட்டாளாவா?" என்றேன். "ரெண்டு பங்கு தின்னா தம்பி. புது ஆள் மிரண்டு போய்த் தொப்பியைக் கீழ போட்டுட்டு ஓடினான். அதையும் சேத்துத் தின்னுட்டு ஏப்பம் விட்டா."

"தொப்பியையுமா?" என்று கேட்டுவிட்டு, அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் சிரித்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் தினமும் ஒன்று சொன்னேன். இறைச்சி கொண்டுவந்த தள்ளுவண்டியின் சக்கரத்தைக் கடித்துவிட்டாள் என்றேன். எடை கூடிப் பாறை ஒருபக்கமாக அமுங்கிவிட்டது என்றேன். இவ்வளவு நல்ல கேட்பாளர் எனக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்ததுமே குக்கரை வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் அவர், "மனசு கேக்கல சார். அதிகாரி கால்ல விழுந்து கேக்கலாம்னு இருக்கேன். வேலையே வேணாம். கம்பிக்கு வெளிய நின்னு சாப்பாடு மட்டும் போட்டுட்டுப் போயிடறேன். பெரியவ வேற கையில சாப்பிட மாட்டா சார், எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் போயிருந்தால் அதிகாரி இரங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கீப்பர் பேசத் தொடங்கினால் அந்தச் சுவரைப் பற்றியும் பேசுவார், யாராவது ஒருவர் எழுந்துபோய் எங்கள் கம்பி வேலியில் நின்று பார்ப்பார் என்றும் நினைத்தேன்.

"உனக்கு எதுக்கு தம்பி அந்த அவமானம்?" என்றேன். "அவ உன்னை மறந்தே போயிட்டா. புது ஆள் தோள்ல தலையை வச்சுத் தூங்குறா. மிருகம்தானே. நீ சின்னவளைப் பாரு."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, "நல்லா இருந்தா சரி சார்" என்றார். அந்த வாரமே வேறு ஊரில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டார், சின்னவளையும் கூட்டிக்கொண்டு.

அவர் போன கொஞ்ச நாளில் பெரியவள் செத்துப்போனாள். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. நான் லென்ஸ் வழியாகப் பார்த்தேன், வயிறு ஏறி இறங்கவில்லை. அப்போதும் படம் எடுத்தேன், கை பழக்கம். ஏற்கெனவே பட்ட வம்பு போதும் என்று அதிகாரி வெளியே சொல்லவில்லை. பராமரிப்புப் பணி நடக்கிறது என்று ஒரு பலகையை மாட்டிவிட்டார்கள். முதுமை என்று மருத்துவர் எழுதியதாகக் கேள்விப்பட்டேன். முதுமைதான். ஆனால் அது என்னுடைய முதுமை, ஒரு படத்துக்கு ஆசைப்பட்ட முதுமை. கீப்பரைப் பிழைப்பிலிருந்து இறக்கியதும் நான், அவளைப் பட்டினி போட்டதும் நான். இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எனக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஊர் மாறிப் போன பிறகும் கீப்பர் வாரந்தோறும் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "பெரியவ சாப்பிட்டாளா, சார்?" வாரம் தவறாமல் பழைய படங்களிலிருந்து ஒன்றை எடுத்து அனுப்பினேன். என்னிடம் அவள் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என் ஆயுளுக்குத் தாங்கும். "மின்னுறா சார்" என்று பதில் வரும். ஒருவருக்குச் சந்தோஷம் கொடுக்க என்னால் முடிந்தது என்று படுக்கப் போவேன். தூக்கம் வராது, அது வேறு விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், டிக்கெட் வாங்கினேன், விட்டுவிட்டார்கள் என்றார். சின்னவள் வளர்ந்திருந்தாள். நேராக என் கம்பி வேலிக்கே வந்தார்கள். நான் பக்கத்துக் கூண்டிலிருந்த நரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பராமரிப்புப் பலகையைப் படித்தார். நாக்கை மடித்து, அவளைக் கூப்பிடுகிற ஒரு சத்தம் கொடுத்தார். இன்னொரு தடவை கொடுத்தார்.

"எங்க சார் அவ?"

"அதோ, அந்தப் புதருக்குப் பின்னால. தூங்குறா."

"குடுங்க சார், நானும் ஒரு தடவை உங்க குழாய்ல பாக்குறேன்."

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். வாழ்நாள் முழுக்கக் கதை விட்டவனுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. கழற்றிக் கொடுத்தேன்.

புதரைப் பார்த்தார். அங்கிருந்து மெல்லத் திருப்பினார். "தண்ணித் தொட்டி காஞ்சு கிடக்கே சார். உள்ள சருகு" என்றார். பிறகு பாறைக்குப் போனார். மறுபக்கப் பாதையில் ஒரு பெண் துடைப்பத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

"சார், அந்தக் கூட்டுற அம்மா பாறை மேலயே நடக்குற மாதிரி தெரியுதே."

நான் நரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமராவை இறக்கி வெறும் கண்ணால் அந்தச் சுவரைப் பார்த்தார். மறுபடி கண்ணில் வைத்தார். மறுபடி இறக்கினார். தன் காலடியைப் பார்த்தார், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்ப்பதுபோல.

"எனக்கும் காட்டுப்பா" என்றாள் சின்னவள்.

"வேணாம்டா."

வாரை அவரே என் கழுத்தில் மாட்டிவிட்டார். மடங்கியிருந்த என் சட்டைக் காலரையும் எடுத்துவிட்டார். "கனமா இருக்கு சார். எப்படித்தான் தினமும் தூக்குறீங்களோ" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "பெரியவ தூங்குறான்னு சொன்னீங்களே சார். தூங்குறாளா?"

அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார், கூடப் பிள்ளை வேறு நிற்கிறாள். வெறுமனே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"நல்ல தூக்கம் தம்பி" என்றேன். "குறட்டைச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே."